வார இறுதியில் பூக்கண்காட்சி: கொழும்பிலிருந்து செல்சிக்கா, லால்பாக்குக்கா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். திருமண நாளுக்கு மனைவியை எங்காவது வெளிநாட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். மனைவிக்குப் பூக்கன்றுகள் என்றால் உயிர். லண்டன் செல்சி பூக்கண்காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து ஒரு தடவையாவது போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கணவருக்கோ லீவு இல்லை. வெள்ளி பின்னேரம் புறப்பட்டுத் திங்கள் காலை வேலைக்கு வந்துவிட வேண்டும். இது நடக்குமா, நடக்காவிட்டால் வேறு எங்கே போகலாம் என்பதுதான் கேள்வி.

விசாவும் பணமும் இருந்தால் நடக்கும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பெங்களூர் லால்பாக் பூக்கண்காட்சிக்குப் போங்கள், அதுவும் ஜனவரியில். செல்சியை ஒரு முழு வாரம் லீவு கிடைக்கும் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்சி வேண்டாம் என்பதற்குத் தூரத்தை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானமே ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம், அதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். இடிப்பது கிழமைக் கணக்குதான். செல்சி மே மாதத்தின் பின்பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கிச் சனிக்கிழமையோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காட்சியே கிடையாது. முதல் இரண்டு நாளும் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும். ஆகவே வார இறுதிக்காரருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை, அதுவும் கடைசி நாள். அன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். அடித்ததும் காட்சிக்கு வைத்த செடிகளை விற்கத் தொடங்குவார்கள். லண்டன்காரர்கள் ஆளுயரப் பூச்செடிகளை அணைத்துக்கொண்டு சுரங்க ரயிலுக்கு ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு மணி கொழும்பு நேரப்படி இரவு எட்டரை. முதல் நாள் விமானத்தில் சரியாக நித்திரை கொள்ளாத ஒருவருக்கு அந்த நேரத்தில் ரோசாவும் ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான்.

பிறகு விசா. பிரித்தானியச் சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கு நூறு பவுணுக்கு மேல் கட்டணம் கட்டி, கொழும்பில் கைரேகை கொடுத்து, சாதாரணமாக மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டும். கண்காட்சிக்கான ஒரு நாள் டிக்கெட்டே நூறு பவுண் அளவில் வரும். அதையும் பல மாதம் முன்பே வாங்கி வைக்க வேண்டும், வாசலில் போய் நின்று வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவையும் ஒரே ஒரு சனிக்கிழமைக்காகச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள். தொலைக்காட்சியில் காட்டும் செல்சி வேறு, நேரில் பார்க்கும் செல்சி வேறு. கமரா தோட்டத்துக்குள்ளேயே நடந்துபோகும், குளத்தின் ஓரத்தில் குனியும், ஒரு இலையின் அடியைக்கூடக் காட்டும். டிக்கெட் வாங்கிப் போகிறவர் பெரும்பாலான காட்சித் தோட்டங்களை வெளி விளிம்பில் நின்றுதான் பார்க்கலாம், அதுவும் நாலு வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நின்று. அங்கே உண்மையில் நடப்பது வடிவமைப்பாளர்களுக்கான ஒரு பரீட்சை. ஏறக்குறைய மூன்று வாரத்தில் வெறும் புல்வெளியில் ஒரு முழுத் தோட்டத்தை எழுப்ப வேண்டும். தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்களோ, அதன்படி செய்திருக்கிறார்களா என்று நடுவர்கள் பார்த்துத் தங்கம், வெள்ளிமேல் தங்கமுலாம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுப்பார்கள். காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். 1913இல் செல்சி அரச வைத்தியசாலை வளாகத்துக்கு வந்த காட்சி இது. வைத்தியசாலை என்று பெயர் இருந்தாலும் அது வயோதிப இராணுவத்தினர் தங்கும் இல்லம், சிவப்பு மேலங்கி போட்ட அந்தத் தாத்தாமாரைக் கண்காட்சியிலும் காணலாம். மொத்த இடமே 11 ஏக்கர்தான். உலகப் போர்களுக்காக நின்றிருக்கிறது. கொரோனாவால் 2020இல் நடக்கவில்லை, 2021இல் செப்டெம்பருக்குத் தள்ளிப்போனது. தோட்டத்தில் வைக்கும் குள்ளப் பொம்மைகளுக்குக்கூட அங்கே தடை உண்டு. நூற்றாண்டு என்பதால் 2013இல் விட்டுக்கொடுத்தார்கள். ஆங்கிலேயர் எதில்தான் கௌரவம் பார்க்க மாட்டார்கள்!

பூக்கன்றுப் பைத்தியம் உள்ளவருக்கு அங்கே பொன்னான இடம் நடுவில் இருக்கும் பெரிய கூடாரம். நாற்றுமேடைக்காரர்கள் வருடம் முழுக்க உழைத்து, வசந்தத் தொடக்கத்தில் பூத்துவிடும் செடியைக் குளிரில் வைத்துப் பிந்த வைத்தும், கோடையில் பூக்க வேண்டியதைச் சூடு காட்டி முந்த வைத்தும், எல்லாவற்றையும் அந்த ஒரே வாரத்தில் மலர வைத்துக் கொண்டுவருவார்கள். அதை அவசரமில்லாமல் பார்க்க ஒரு வியாழனோ வெள்ளியோ வேண்டும். அடுத்த நாளை லண்டனின் பெரிய தாவரவியல் தோட்டமான கியூ தோட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். அதனால்தான் ஒரு வாரம் என்கிறேன்.

ஹொலந்தின் கெயுகன்ஹோஃப் பற்றியும் பலர் கேட்பார்கள். மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை எட்டு வாரமளவில் திறந்திருக்கும். 32 ஹெக்டேயரில் வருடா வருடம் எழுபது லட்சம் பூக்கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள், முக்கியமாக டியூலிப். கண்ணுக்கு அதுபோல விருந்து வேறில்லை. ஆனால் ஷெங்கன் விசா வேண்டும், பயணமும் லண்டன் அளவுக்கு நீளம். வார இறுதிக் கதையே இல்லை. ஊட்டி மலர்க் காட்சி மே மாதத்தில், 1848இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தில் நடக்கும். இடம் அருமை. ஆனால் விமானத்தில் இறங்கி மலையேறவே ஒரு நாள் போய்விடும், மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் அரை நாள் போய்விடும்.

சரி, லால்பாக்.

கொழும்பிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் உண்டு, ஒன்றரை மணித்தியாலம் அளவில்தான். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் காரில் போகிற நேரத்தில் பாதிகூட இல்லை. இரு நாட்டுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் ஜனவரிக் காலையில் மெல்லிய சுவெட்டர் தேவைப்படும், மதியம் இதமான வெயில், வியர்வை இல்லை. இதுவே கொழும்பில் இருக்கிறவர்களுக்குப் பாதி விடுமுறை.

வருடத்தில் இரண்டு தடவை காட்சி வைக்கிறார்கள். ஒன்று இந்தியக் குடியரசு தினமான ஜனவரி 26ஐ ஒட்டியது, மற்றது சுதந்திர தினமான ஆகஸ்ட் 15ஐ ஒட்டியது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கும். ஜனவரிக் காட்சி அண்மைய வருடங்களில் தைப்பொங்கல் முடிந்து சில நாளில் தொடங்கியிருக்கிறது, 2025இல் 16ஆம் திகதி தொடங்கியது. ஆகஸ்ட்டில் மழைத்தூறல் பிடித்துக்கொள்ளும், பாதை சேறாகும், குடையும் கையுமாகத்தான் நடக்க வேண்டும். ஜனவரி வானம் தெளிந்திருக்கும், குளிர்காலப் பூக்களும் நல்ல நிறத்தில் இருக்கும். திருமண நாள் எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. முன்னே பின்னே இருந்தாலும் ஜனவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மனைவி கோபிக்க மாட்டார்.

எந்த வார இறுதி என்பதும் முக்கியம். காட்சியின் நடுநாயகம் கண்ணாடி மாளிகைக்குள் எழுப்பும் மலர் உருவம். ஒவ்வொரு தடவையும் ஒரு கருப்பொருள் எடுத்து, இரும்புச் சட்டத்தின் மேல் லட்சக்கணக்கான ரோசா, செவ்வந்திப் பூக்களைச் செருகிக் கட்டடமோ சிலையோ செய்வார்கள். 2024 ஆகஸ்ட்டில் அம்பேத்கர், 2025 ஜனவரியில் வால்மீகி. வெட்டிய பூ பத்து நாள் தாங்காது, ஆகவே இடையில் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவார்கள். தொடங்கியவுடன் வரும் முதல் சனி ஞாயிறுதான் என் தெரிவு, பூ புதுசாக இருக்கும், கூட்டமும் தாங்கக்கூடியதாக இருக்கும். 26ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் மட்டும் போகாதீர்கள். நகரமே குடும்பத்தோடு வந்து நிற்கும். கண்ணாடி மாளிகைக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் தள்ளப்பட்டு வெளியே வருவீர்கள், பார்த்தது எல்லாம் முன்னால் போனவரின் கைத்தொலைபேசித் திரையாகத்தான் இருக்கும்.

வெளிப்படையாகச் சொன்னால் அந்த மலர்க் கட்டடங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பூவைச் செங்கல்லாக மாற்றுகிற வேலை அது. ஆனால் அது நிற்கும் கண்ணாடி மாளிகைக்காகவே ஒரு தடவை போகலாம். 1889இல் இளவரசர் அல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது. லண்டன் ஹைட் பூங்காவில் 1851 பெருங்கண்காட்சிக்காகக் கட்டிய பளிங்கு மாளிகையை மனதில் வைத்து, வார்ப்பிரும்பும் கண்ணாடியுமாக எழுப்பினார்கள். லண்டன் மாளிகை 1936இல் எரிந்து போய்விட்டது. பெங்களூரில் இருப்பது இன்னும் நிற்கிறது, இன்னும் பூக்கண்காட்சிக்கே பயன்படுகிறது. செல்சியில் கூடாரத்துக்குள் பார்ப்பதை இங்கே இந்தக் கூரையின் கீழ் பார்க்கிறீர்கள், எனக்கு இதுதான் மேல்.

உங்கள் மனைவியைப் போன்றவர்கள் தவறவிடக் கூடாதது போட்டிக் காட்சிகள் வைக்கும் மரிகௌடா மண்டபம். இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரம், போன்சாய், காய்கறிச் செதுக்கல், உலர்பூ அலங்காரம் என்று வீட்டுப் பெண்களும் தோட்டக்காரர்களும் போட்டி போட்டு வைத்திருப்பார்கள். கூட்டம் முழுக்க மலர்ச்சிலையோடு படம் எடுக்கப் போய்விடுவதால் இங்கே ஓரளவு நின்று பார்க்கலாம். அப்புறம் வெளியே சட்டிச் செடிகளின் வரிசைகள். எந்த மண்கலவை, என்ன உரம் என்று அங்கே நிற்கும் தோட்டக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் முகம் மலர்ந்து சொல்லுவார். செல்சியில் இதே கேள்விக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள்.

காட்சி ஒரு பக்கம் இருக்க, தோட்டமே பெரிய விஷயம். 240 ஏக்கர், அதாவது செல்சி மைதானத்தைப் போல இருபது மடங்குக்கு மேல். 1760இல் ஹைதர் அலி தொடங்கினார், மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்து வளர்த்தார். பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், கியூ தோட்டத்தில் பயின்ற ஜோன் கமரன் போன்றவர்கள் பொறுப்பேற்றார்கள். கமரன் காலத்தில்தான் கண்ணாடி மாளிகை வந்தது. 1908இல் அவருக்குப் பின் வந்தவர் குஸ்தாவ் க்ரும்பிகல், ஜெர்மன்காரர், அவரும் கியூவில் வேலை பார்த்தவர். உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன்காரர் என்பதற்காகவே தடுத்து வைக்கப்பட்டார், ஆனாலும் பெங்களூரை விட்டுப் போகவில்லை, 1956இல் அங்கேயே இறந்தார். வருடத்தின் எந்தப் பருவத்திலும் ஏதாவது ஒரு வீதி பூத்திருக்க வேண்டும் என்று பூக்கும் காலத்தைக் கணக்குப் பார்த்து நகரத்துக்கு மரம் தெரிந்து நட்ட பெருமை அவருக்கு உண்டு. நம் கொழும்பு வீதிகளில் ரொபரோசியா பூக்கும்போது எல்லோரும் இறங்கிப் படம் எடுப்போமே, அந்த இளஞ்சிவப்பு மரம் பெங்களூரிலும் நிறைய. ஜனவரியில் ஆங்காங்கே பூக்கத் தொடங்கியிருந்தால் கூடுதல் அதிர்ஷ்டம்.

கியூ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கொம்பனித்தெருவில் கியூ வீதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? 1810 அளவில் லண்டன் கியூவின் கிளை மாதிரி அங்கே ஒரு தாவரத் தோட்டம் வைத்தார்கள், வெள்ளம் வருகிற இடம் என்று 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள், 1821இல் அது பேராதனைக்குப் போனது. கொழும்பில் பெயர் மட்டும் மிஞ்சியது. பெங்களூர்க்காரர் தங்கள் தோட்டத்தை நகரத்துக்கு நடுவிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால் கொஞ்சம் பொறாமைதான்.

தோட்டத்துக்குள் ஒரு பாறைக்குன்று இருக்கிறது. ஏறுவது கடினமில்லை. அது 300 கோடி ஆண்டு பழைய பாறை, இந்தியாவின் தேசியப் புவியியல் சின்னங்களில் ஒன்று. உச்சியில் பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடா பெயரில் ஒரு சிறு கோபுரம். பின்னேர வெயிலில் அங்கே உட்கார்ந்து கச்சானும் மாங்காய்க் கீற்றும் சாப்பிடுகிற ஜோடிகள் நிறைய. உங்கள் திருமண நாளுக்கு நட்சத்திர ஹோட்டல் இரவு விருந்தைவிட இது நல்ல திட்டம் என்று எனக்குப் படுகிறது, மனைவியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் இருநூறு வயதைத் தாண்டிய இலவமரம் ஒன்றின் வேரைப் பார்க்கலாம், ஒவ்வொரு வேரும் ஆளுயரச் சுவர்.

இனி நாள்கணக்கு. வெள்ளி பின்னேரம் அல்லது இரவு விமானம் கிடைத்தால் எடுங்கள், அரை நாள் லீவு போட முடிந்தால் இன்னும் நிம்மதி. வெளிநாட்டு விமானங்கள் இறங்கும் இரண்டாவது முனையத்தைத் தோட்ட முனையம் என்றே அழைக்கிறார்கள். கூரையிலிருந்து செடிகள் தொங்கும், மூங்கில் வேலைப்பாடு நிறைய, உங்கள் மனைவி பெட்டியை மறந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே வந்தபின்தான் சோதனை. நகரம் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீற்றர் தள்ளி, லால்பாக் நகரத்தின் தென்பக்கம். இரவு பிந்தினால் ஒன்றேகால் மணித்தியாலம், நெரிசலில் மாட்டினால் இரண்டரைகூட ஆகும். வாயு வஜ்ரா என்ற குளிரூட்டிய பஸ் பனசங்கரிப் பக்கம் வரை ஓடுகிறது, விலையும் மலிவு. இரண்டு பெட்டியும் களைப்பும் இருந்தால் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள்.

தங்குமிடத்தை எம்.ஜி. வீதிப் பக்கம் பார்க்க வேண்டாம். ஜயநகர், பசவனகுடி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பச்சைத் தட மெட்ரோவில் லால்பாக் என்றே ஒரு நிலையம் இருக்கிறது, மேற்கு வாசலுக்குச் சிறு நடை. கண்காட்சி நாட்களில் வாகனத்தில் அந்தப் பக்கம் போவது வீண் வேலை.

சனிக்கிழமை காலையில் நேரத்தோடு எழும்பி, லால்பாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மாவள்ளி டிபன் ரூமுக்குப் போங்கள், எம்.டி.ஆர். என்றால் யாரும் வழி சொல்வார்கள். 1924இல் தொடங்கிய கடை. ரவை இட்லி இவர்கள் கண்டுபிடிப்பு என்கிறார்கள், இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காத காலத்தில் ரவையை வைத்துச் சமாளித்தார்களாம். எட்டு மணிக்குப் பிறகு போனால் சாப்பிடுவதைவிடக் காத்திருப்பதுதான் கூட. வெள்ளிக் குவளையில் வரும் கோப்பியை மட்டும் விட வேண்டாம், நாம் குடிக்கிற பால்தேத்தண்ணீர்ப் பழக்கத்துக்கு அது நல்ல மாற்றம். சாப்பிட்டு முடித்துக் கண்காட்சி திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். நுழைவுக் கட்டணம் அண்மைய வருடங்களில் வார இறுதியில் பெரியவருக்கு 100 இந்திய ரூபாய் அளவில் இருந்தது. உள்ளே போனதும் நேராகக் கண்ணாடி மாளிகை. அதைக் கூட்டம் வருமுன் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். பதினொரு மணிக்குள் வெளியே வந்து, அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்கு மறுபடி வந்தால் பாறைக்குன்றும் ஏரியும். திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, நூறு ரூபாய்தானே. செல்சியில் இப்படிச் செய்ய முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கே.ஆர். சந்தைக்குப் போங்கள். இதைப் பெரும்பாலான பயண ஆலோசனைகள் கடைசியில்தான் சொல்லும், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி, ரோசா, துளசி எல்லாம் மலை மலையாகக் குவிந்திருக்கும், கிலோக் கணக்கில் பேரம் நடக்கும், தலையில் மூடை சுமந்தவர் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு இடித்துப் போவார். செட்டியார் தெருக் கோயில் வாசலில் மாலை வாங்கிப் பழகிய நமக்கு அந்த அளவு புதுசு. மேல் மாடிக்கு ஏறிக் கீழே பார்த்தால் நிறம் முழுதும் தெரியும். தரை ஈரம், பூக்குப்பை வழுக்கும், மூடிய சப்பாத்து போடுங்கள், நல்ல சேலை வேண்டாம். அங்கே இரண்டு முழம் மல்லிகை வாங்கி மனைவிக்குக் கொடுங்கள்.

பிறகு காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் தோசை (1943இலிருந்து இருக்கிறது, வார இறுதியில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்), பக்கத்தில் நந்தி கோயில். நேரமிருந்தால் கப்பன் பூங்கா, ஞாயிறில் உள்வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவதால் நிம்மதியாக நடக்கலாம். திரும்பும் விமானம் புறப்படுவதற்கு ஐந்து மணித்தியாலம் முன்பே தென்பெங்களூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு பின்னேரம் விமான நிலைய வீதி எப்படி இருக்கும் என்று அங்குள்ளவர்களாலேயே சொல்ல முடியாது. திங்களிலோ வெள்ளியிலோ போயா விழுகிற வாரமாகப் பார்த்தால் இந்த அவசரம் ஒன்றும் வேண்டியதில்லை.

இந்திய விசாவை இணையத்திலேயே எடுக்கலாம், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு, பெங்களூர் விமான நிலையத்தில் அதை ஏற்பார்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். நாலு நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், நீங்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத் தளம் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு காசு வாங்கும். முகவரியின் முடிவில் கவ் டொட் இன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டை விபரம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் தெரிந்தவர் பெயர் கேட்கும் இடத்தில் ஹோட்டலின் பெயரும் முகவரியும் போதும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து இருக்க வேண்டும். தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றிப் போடுகிற சிக்கல் நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும், அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். இறங்கியதும் மின்விசாக்காரருக்குக் கைரேகை எடுப்பார்கள், அந்த வரிசை மெதுவாகத்தான் நகரும்.

காசு விஷயத்தில் ஒன்று. அங்கே இளநீர்க்காரர்கூடக் கைத்தொலைபேசியில்தான் காசு வாங்குகிறார். நம் வங்கி அட்டை பெரிய கடைகளில் வேலை செய்யும், தெருவில் செய்யாது. ஆகவே சில்லறை நோட்டாக ஓரளவு கையில் வைத்திருங்கள். மொழிக்குப் பயப்பட வேண்டாம். அல்சூர்ப் பக்கம் தமிழர் தலைமுறைகளாக இருக்கிறார்கள், ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் உண்டு, 2009இல் திறந்தார்கள். கடைக்காரர், ஓட்டோக்காரர் பலருக்குத் தமிழ் விளங்கும். ஆனாலும் எடுத்த எடுப்பில் தமிழில் தொடங்காமல் ஒரு நமஸ்காராவோடு ஆங்கிலத்தில் தொடங்குங்கள். ஆள் தானாகத் தமிழுக்கு மாறினால் நல்லது.

விசா வேலையே வேண்டாம் என்றால் சிங்கப்பூர் இருக்கிறது, இலங்கையர் விசா இல்லாமல் போகலாம், நாலு மணித்தியாலம் அளவில் விமானம். 2012இல் திறந்த கடலோரத் தோட்டங்களின் மலர்க் குவிமாடத்துக்குள் வருடத்தில் ஒரு பருவம் டியூலிப், ஒரு பருவம் செரி என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். தாவரவியல் தோட்டத்தின் தேசிய ஓர்க்கிட் தோட்டம் அதைவிட நல்லது. எல்லாம் சுத்தம், எல்லாம் நேரத்துக்கு, ஆனால் செலவு பெங்களூரைப் போல இரண்டு மூன்று மடங்கு.

கடைசியாக, உங்கள் மனைவி கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி. லால்பாக் காட்சியில் கன்று, விதை, கிழங்கு எல்லாம் விற்பார்கள், விலையைப் பார்த்தால் கை தானாக நீளும். வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் செடிகளை இங்கே கொண்டுவர முடியாது, கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். விதைப் பொட்டலத்துக்கும் இதே கதைதான். செடியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வந்து பேராதனை விற்பனை நிலையத்திலோ இங்குள்ள நாற்றுமேடைகளிலோ தேடுங்கள், பாதிக்கு மேல் கிடைக்கும். பூச்சாடி, கத்தரிக்கோல், கம்பி போன்ற தோட்டச் சாமான்களுக்குத் தடையில்லை. கத்தரிக்கோலை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள்.